தடையின் நிழலில் தேயிலை: கொழும்பிலிருந்து தலவாக்கலை வரை

இலங்கைத் தேயிலையை அதிகமாக வாங்கும் நாடுகளை வரிசையாக எழுதினால், கடந்த 40 ஆண்டுகளில் போரும் பொருளாதாரத் தடையும் கண்ட நாடுகளின் பெயர்களே அதில் நிறைந்திருக்கும். ஈராக், ஈரான், ரஷ்யா, லிபியா, சிரியா ஆகியவை அந்த வரிசையில் பல ஆண்டுகளாக இருப்பவை. துருக்கியும் ஐக்கிய அரபு எமிரேட்சும் அஜர்பைஜானும் அவற்றோடு வருகின்றன. இவற்றுள் ஒன்றின் மீது வல்லரசு ஒன்று தடை விதித்தாலும் சரி, அந்த நாடே கோபம் கொண்டு இறக்குமதியை நிறுத்தினாலும் சரி, சில வாரங்களில் அது மாத்தறை மாவட்டத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்தின் மாத வருமானத்தில் தெரிந்துவிடும். அது எப்படி அங்கு போய்ச் சேர்கிறது என்று பார்க்க, தேயிலை துறைமுகத்துக்கு வரும் வழியிலேயே எதிர்த்திசையில் போக வேண்டும். கொழும்பில் தொடங்கும் அந்த வழி தென் மாகாணத்தின் தாழ்நிலத் தோட்டங்களுக்குள் புகுந்து, இரத்தினபுரி மாவட்டத்தைக் கடந்து, ஊவா மலைகளில் ஏறி, தலவாக்கலையில் வந்து நிற்கிறது.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30-ல் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று ஒரே நாட்டுத் தேயிலையை மட்டும் விற்கும் ஏலங்களில் உலகிலேயே பெரியது கொழும்பு ஏலம். பல தலைமுறைகளாக வாங்குவோரும் தரகர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து குரல் கொடுத்து நடத்திய இந்த விற்பனை, 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது கணினித் திரைக்கு மாறியது. கூடம் அடங்கிவிட்டாலும் முறை மாறவில்லை. தொழிற்சாலைகள் தூளைத் தரகு நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. தரகர்கள் சுவைத்துப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். மாதிரிகள் ஏற்றுமதியாளர்களுக்குப் போகின்றன. ஏலம் வாரந்தோறும் நடக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

தடையின் பாதிப்பு தொடங்குவது இந்த ஒரு வாரத்தில்தான். ஏற்றுமதியாளர் கொழும்பில் உடனே பணம் கட்டுகிறார். டெஹ்ரானிலோ பாக்தாதிலோ இருக்கும் வாங்குபவர் சரக்கு சேர்ந்து, சில நேரம் விற்றும் முடித்த பிறகுதான் பணம் அனுப்புகிறார். இடைப்பட்ட மாதங்களுக்கு ஏற்றுமதியாளர் வங்கிக் கடனில் காலம் தள்ளுகிறார். வெளிநாட்டுப் பணம் வந்து பழைய கடன் அடைந்தால்தான் புதிய கடன் கிடைக்கும். பணம் வரும் வழி அடைபட்டுவிட்டால் அடுத்த ஏலத்தில் அவரால் கை உயர்த்த முடியாது. ஈரானுக்கு அனுப்பும் பத்துப் பேரில் நால்வர் ஒதுங்கிக்கொண்டால், அந்த ரகத் தேயிலைக்கு அன்றைக்குப் போட்டி குறைகிறது, விலை இறங்குகிறது. தேயிலைக்குத் தடை என்று எந்த ஆணையிலும் ஒரு வரிகூட இருக்காது.

ஈரான் விஷயத்தில் நடந்தது இதுதான். ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளில் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. தேயிலை உணவுப் பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகள் பல, உலக வங்கிகளுக்கிடையே செய்தி பரிமாறும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. 2015-ல் அணுசக்தி ஒப்பந்தம் ஏற்பட்டபின் திறந்த கதவு, 2018 மே மாதத்தில் டிரம்ப் அதிலிருந்து விலகியதும் மறுபடி சாத்தப்பட்டது. நவம்பரில் வங்கிகளும் எண்ணெயும் மீண்டும் தடைக்குள் வந்தன. விலக்கு இருப்பது தெரிந்தும் வங்கிகள் ஈரான் என்ற பெயருள்ள ஆவணத்தைத் தொட அஞ்சின. ஒரு தேயிலைப் பெட்டகத்தின் தரகுக் கூலிக்காக நியூயார்க்கில் கோடிக்கணக்கான டாலர் அபராதம் கட்டும் துணிவு எந்த வங்கிக்கும் வராது. அதே ஆண்டில் ஈரானிய ரியாலும் சரிந்தது. அரசு வைத்த விலை டாலருக்கு 42,000 ரியால். ஜூலை இறுதியில் வெளிச்சந்தையில் அது 1 லட்சத்தைத் தாண்டியது. 2016-ல் இலங்கையிடமிருந்து 3 கோடி கிலோவுக்கு மேல் வாங்கிய ஈரான், 2021-ல் வாங்கியது ஏறத்தாழ அதில் பாதிதான்.

பணத்துக்குச் சுற்று வழிகள் உண்டு. துபாயில் ஜபல் அலி சுதந்திர வலயத்தில் தேயிலைக்கென்றே பெரிய கிடங்கும் கலப்பு மையமும் இருக்கின்றன. துபாயில் இருக்கும் நிறுவனம் வாங்கி, துபாயிலிருந்து பணம் அனுப்பினால் கொழும்பு வங்கிக்குத் தடங்கல் இல்லை. ஆனால் நடுவில் நுழைபவர் கூலி வாங்காமல் நுழைவதில்லை. அந்தக் கூலியை டெஹ்ரான் கடைக்காரரும் கொழும்பு ஏலமும் பங்கிட்டுச் சுமக்க வேண்டியிருக்கிறது. தடையால் லாபம் அடைபவர் என்று யாரையாவது சுட்ட வேண்டுமானால் இந்த இடைத்தரகரைத்தான் சுட்ட வேண்டும்.

கொழும்புக்கு வடகிழக்கே, களனி ஆற்றுக்கு அப்பால் சப்புகஸ்கந்தவில் நாட்டின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. 1969-ல் இயங்கத் தொடங்கிய இந்த ஆலை ஈரானின் கச்சா எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2012-ல் அமெரிக்க நெருக்குதலால் இலங்கை ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கிய எண்ணெய்க்குத் தர வேண்டிய 25 கோடியே 10 லட்சம் டாலர், அனுப்ப வழியின்றி நின்றுபோனது. ஒரு பக்கம் ஈரானுக்கு இலங்கை கடன். மறுபக்கம் இலங்கைத் தேயிலைக்கு ஈரானிலிருந்து பணம் வரவில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக்கொள்ள 2021 டிசம்பரில் உடன்பாடு ஆனது. மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலை ஈரானுக்குப் போகும். ஏற்றுமதியாளருக்குரிய பணத்தை இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாயில் தரும். கடன் மாதாமாதம் கரையும். எல்லையைக் கடந்து ஒரு டாலரும் போகாது. சொன்ன உடனே அது நடக்கவில்லை. 2022-ல் இலங்கையே திவாலாகி, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் எரிபொருள் வாங்கக்கூடப் பணமில்லாத நிலை வந்தது. சரக்கு போகத் தொடங்கியபோது 2023 ஆகிவிட்டது. பண்டமாற்று என்பது பழைய முறை என்று சிலர் ஏளனம் செய்தார்கள். வங்கி வழி அடைபட்ட நாட்டோடு நேர்மையாக வணிகம் செய்ய வேறு வழி இருக்கவில்லை என்பதே உண்மை.

கொழும்பிலிருந்து தெற்கு அதிவேகச் சாலையில் காலி வரை போனால் பார்வைக்குத் தேயிலை கொஞ்சமாகவே படும். ரப்பர், தென்னை, பள்ளங்களில் நெல் என்று நிலம் மாறிமாறி வரும். காலியை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பி அக்குரஸ்ஸவை நோக்கிப் போனதும் காட்சி மாறுகிறது. மலையும் மூடுபனியும் தேயிலைக்கு அடையாளம் என்று நினைத்து வருபவருக்கு இந்தப் பகுதி புதிது. கடலிலிருந்து சிறிது தூரத்திலேயே, வீட்டுக் கொல்லையில், கறுவா மரங்களுக்குப் பக்கத்தில், சின்னச் சின்னத் துண்டுகளாகத் தேயிலை நிற்கிறது. நில்வளா கங்கையை ஒட்டித் தெனியாய வரை ஏறும் சாலையின் இருபுறமும் இப்படித்தான். 600 மீட்டருக்குக் கீழே விளையும் இதைத் தாழ்நிலத் தேயிலை என்கிறார்கள். இலங்கையில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ 60 சதவீதம் இது. மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் படம் உலகெங்கும் தெரியும். ஆனால் நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் கொடுப்பவர்கள் சிறு தோட்டக்காரர்களே. அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 4 லட்சம். பெரும்பாலோரிடம் இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவு.

இந்த இலை ஏன் ஈரானையும் ஈராக்கையும் ரஷ்யாவையும் நம்பியிருக்கிறது என்பதற்குக் காரணம் அதன் உருவத்தில் இருக்கிறது. தாழ்நிலத்தில் வெயிலும் மழையும் சேர்ந்து கொழுந்து வேகமாக, பெரிதாக வளர்கிறது. அதை மெல்ல உருட்டினால் நீளமாக முறுக்கிய கரிய இலையாக வருகிறது. சாறு அடர்ந்த நிறம் கொடுக்கிறது. பாக்தாத் டீக்கடையின் இடை சிறுத்த கண்ணாடிக் குவளையிலும், பாரசீக வீட்டின் சமாவரிலும், கற்கண்டு கடித்துப் பருகும் பழக்கத்துக்கும் இந்த நிறம்தான் வேண்டும். பால் ஊற்றிக் குடிக்கும் நாடுகளுக்குப் பொடியாக நறுக்கிய தூள் மலிவாகக் கென்யாவிலிருந்து கிடைக்கிறது. ஆகவே ஈரான் வாங்காவிட்டால் பாகிஸ்தானுக்கு விற்கலாம் என்று சொல்வது எளிது. பாகிஸ்தான் கேட்பது இந்தத் தேயிலையை அல்ல. எந்திரம், உருட்டும் முறை, சலிக்கும் சல்லடை எல்லாமே ஒரு குறிப்பிட்ட சந்தையின் நாக்குக்காக அமைந்தவை. ஒரு தொழிற்சாலை அதை மாற்றிக்கொள்ள ஆண்டுகளும் பெருந்தொகையும் வேண்டும்.

பகலில் இந்தச் சாலையில் போனால் வீட்டு வாசல்களில் கொழுந்து நிரம்பிய சாக்குகளைக் காணலாம். தொழிற்சாலையின் சிறிய லாரி நின்று நின்று வருகிறது. தராசில் நிறுத்து, ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழித்து, சிட்டையில் எழுதி ஏற்றுகிறார்கள். கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலை சேர வேண்டும். சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். செடியிலேயே விடவும் முடியாது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும்; அடுத்த கொழுந்தும் தடைபடும். மாஸ்கோவும் டெஹ்ரானும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நடத்தலாம். தூளைக் கிடங்கில் சில மாதம் வைத்துக் காக்கலாம். பச்சைக் கொழுந்துக்கு அந்த அவகாசம் ஒருநாள்கூட இல்லை. தடைகளின் சுமை எப்போதும் கீழ்நோக்கி வழிவதற்கு அடிப்படைக் காரணம் இது. காத்திருக்க முடிந்தவர் விலை பேசுகிறார்; முடியாதவர் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்.

விலை இறங்கி வரும் பாதை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தொழிற்சாலையின் தூள் ஏலத்தில் பெற்ற நிகர சராசரி விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பது விதி. சிறு தோட்டக்காரரைத் தொழிற்சாலை ஏமாற்றாமல் காப்பதற்காக வந்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஏறும் விலையில் அவருக்குப் பெரிய பங்கு கிடைக்கிறது. ஆனால் இறங்கும் விலையிலும் அதே பங்கு அவர் தலையில் விழுகிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். ஏலத்தில் தூள் கிலோவுக்கு 100 ரூபாய் இறங்கினால், கொழுந்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 15 ரூபாய் குறைகிறது. பறிக்கும் கூலி குறைவதில்லை. உர விலையும் குறைவதில்லை.

2017 அக்குரஸ்ஸவும் தெனியாயவும் மறக்க முடியாத ஆண்டு. மே மாதத்தில் பெருவெள்ளமும் மண்சரிவும் மாத்தறை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களைத் தாக்கின. தோட்டங்கள் மெல்ல மீண்டு வந்த டிசம்பரில், ரஷ்யாவின் பயிர்ப் பாதுகாப்பு அமைப்பான ரொசெல்கோஸ்நாட்சோர், இலங்கையின் விளைபொருள்கள் அனைத்துக்கும் டிசம்பர் 18 முதல் தற்காலிகத் தடை விதித்தது. ஒரு தேயிலைச் சரக்கின் பொதியில் கப்ரா வண்டு இருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். கப்ரா வண்டு கோதுமையையும் அரிசியையும் தின்னும் கிடங்குப் பூச்சி. தேயிலையில் அது வாழாது. ரஷ்யா அப்போது ஆண்டுக்கு 3 கோடி கிலோவுக்கு மேல் இலங்கைத் தேயிலை வாங்கிக்கொண்டிருந்த நாடு.

அந்தத் தடைக்குப் பின்னால் வேறு பொருள் ஒன்றும் பேசப்பட்டது. இலங்கையின் வீட்டுக் கூரைகளில் பரவலாக இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதற்கான கிரிசோடைல் கனிமம் பெருமளவில் ரஷ்யாவிலிருந்து வருகிறது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பதால், 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024-ல் முழுவதும் நிறுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. அந்தக் கட்டுப்பாடு தொடங்க இரண்டே வாரம் இருந்தபோது வண்டு அகப்பட்டது. கொழும்பு அரசு கூரைத் தகட்டுக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அதிகாரிகள் மாஸ்கோ போனார்கள். டிசம்பர் 30-ல் தேயிலைத் தடை நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ரஷ்யா ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. நாள்களை அடுக்கிப் பார்ப்பவர் தாமே முடிவுக்கு வரலாம். தடை இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே நீடித்தது, இழப்பு பெரிதல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் மக்கள் நலக் கொள்கையை அதன் விவசாயிகளின் பிழைப்பைப் பிடித்து இழுத்துத் திருப்பிவிட முடியும் என்று நிரூபணமானதே பெரிய இழப்பு.

தெனியாயவுக்கு மேலே சாலை சிங்கராஜக் காட்டின் விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து சூரியகந்த ஏறி, இறக்குவானையில் இறங்குகிறது. பாதை குறுகலானது, மழைநாளில் மெதுவாகவே போக முடியும். இங்கே மாத்தறை மாவட்டம் முடிந்து இரத்தினபுரி மாவட்டம் தொடங்குகிறது. சிங்களச் சிறு தோட்டக்காரர்களின் துண்டு நிலங்களும் தமிழ்த் தொழிலாளர் வாழும் பழைய தோட்டங்களின் லயங்களும் ஒரே வளைவில் அடுத்தடுத்து வருகின்றன. பலருக்கும் தெரியாத தமிழர் பகுதி இது. மலையகம் என்றால் நுவரெலியாவை நினைக்கிறோம்; இறக்குவானையும் பெல்மதுளையும் நினைவுக்கு வருவதில்லை.

இந்தப் பகுதியில் 2021-ன் அடையாளம் செடிகளிலேயே பல காலம் தெரிந்தது. அந்த ஆண்டின் தடையைப் பிற நாடு விதிக்கவில்லை. கோத்தபய ராஜபக்ச அரசு மே மாதத்தில் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாகச் சொன்னார்கள். டாலர் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது இன்னொரு காரணம். இலையையே அறுவடை செய்யும் பயிருக்குத் தழைச்சத்து உயிர். உரம் நின்றதும் கொழுந்து சிறுத்தது, இடைவெளி கூடியது. அக்டோபரில் தேயிலைக்கும் நவம்பரில் எல்லாவற்றுக்கும் தடை நீங்கியபோது உலகச் சந்தையில் உர விலை ஏறியிருந்தது. ரூபாய் விழத் தொடங்கியது. 2021-ல் 29 கோடியே 90 லட்சம் கிலோவாக இருந்த நாட்டு உற்பத்தி, 2022-ல் 25 கோடியே 10 லட்சம் கிலோவாகச் சரிந்தது. 2013-ல் அது 34 கோடி கிலோ. ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது உண்மை. ஆனால் ஏறிய விலைக்கு விற்கக் கொழுந்து இல்லை. உரம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. தேயிலைக்குப் பிற நாடுகள் விதித்த தடைகள் எல்லாம் சேர்ந்தும் செய்யாத சேதத்தை உள்ளூர் ஆணை ஒன்று ஆறு மாதத்தில் செய்தது.

பெல்மதுளையில் கொழும்பிலிருந்து வரும் பெருஞ்சாலையைச் சேர்ந்து பலாங்கொடை வழியாகப் பெரகல போனால், நிலம் திடீரென்று எழுகிறது. அப்புத்தளையில் மலை விளிம்பின் மீதே ஊர் நிற்கிறது. தெற்கே தாழ்நிலம் முழுதும் விரிந்து கிடக்கிறது. தாமஸ் லிப்டன் 1890-ல் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டம் இங்கிருந்து சிறிது தூரம். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும் பருவத்தில் தனி மணம் ஏறும். ஜப்பானும் ஜெர்மனியும் அதற்காகவே வாங்கும்.

அப்புத்தளையை அடுத்த பண்டாரவளையில் ஈரான் தடை வேறு வடிவில் எதிர்ப்படுகிறது. உமா ஓயா ஆற்று நீரை மலைக்கு அடியில் சுரங்கம் வழியாகத் தெற்கே திருப்பி, மின்சாரமும் பாசனமும் பெறும் திட்டத்துக்கு ஈரான் கடன் கொடுக்க முன்வந்தது. ஈரானிய நிறுவனமே கட்டியது. கடனில் ஏறத்தாழ 5 கோடி டாலர் வந்த நிலையில் தடைகளால் பணம் நின்றது. மிச்சச் செலவை இலங்கை தன் பணத்தில் செய்தது. சுரங்கத்தில் நீர் கசிந்து பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் விரிசல் விழுந்தது, 2017-ல் ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. 120 மெகாவாட் திறனுள்ள அந்தத் திட்டத்தை 2024 ஏப்ரல் 24-ல் ஈரான் அதிபர் ரைசி நேரில் வந்து திறந்து வைத்தார். இரு நாட்டுக்கும் இடையே எண்ணெய், தேயிலை, அணை மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன.

அப்புத்தளையிலிருந்து ரயில் மேற்கே ஏறுகிறது. கடல் மட்டத்துக்கு 1,891 மீட்டர் மேலே இருக்கும் பட்டிப்பொல நிலையம் இலங்கையில் மிக உயரமானது. அதைக் கடந்து நானுஓயா வந்ததும் ஜன்னலில் தேயிலை தவிர வேறொன்றும் தெரியாது. 1925-ல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. தடை என்று பெயர் சொல்லாமலே தடையாக வேலை செய்யும் இன்னொரு வகையை இங்கேதான் விளங்கிக்கொள்ள முடியும். 2015-ல் இலங்கை கிளைபோசேட் களைக்கொல்லியை நிறுத்தியது. வடமத்திய நெல் விவசாயிகளின் சிறுநீரக நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சம் அப்போது நிலவியது. சரிவில் களையெடுக்க ஆள் கிடைக்காத தோட்டங்கள் வேறு மருந்துகளை நாடின. அவற்றில் ஒன்றான எம்சிபிஏ, ஜப்பான் அனுமதிக்கும் அளவைத் தாண்டித் தூளில் காணப்பட்டது. ஜப்பானின் வரம்பு பத்து லட்சத்தில் 0.01 பங்கு. இலங்கை 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டை மீண்டும் அனுமதித்தது. எச்ச அளவைப் பரிசோதிப்பது வாங்கும் நாட்டின் உரிமை. அதைக் குறை சொல்ல முடியாது. ரஷ்ய வண்டுக்கும் ஜப்பானிய அளவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஜப்பானின் விதி முன்கூட்டியே அச்சில் இருந்தது, எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருந்தது.

மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் தடையின் சுமை வேறு விதமாகப் பங்கிடப்படுகிறது. சிறு தோட்டக்காரருக்கு மாத விலை குறைகிறது. தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி ஆணையால் நிர்ணயமானது. 2021 மார்ச்சில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது, 2024-ல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாயானது. ஏலம் இறங்கியதற்காக அதைக் குறைக்க முடியாது. எனவே நிர்வாகம் வேறு இடங்களில் பிடிக்கிறது. மறுநடவு தள்ளிப்போகிறது, கவாத்து ஒரு ஆண்டு பிந்துகிறது, களை ஏறிய மலைகள் பறிக்கப்படாமல் விடப்படுகின்றன. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூடுகிறது. அந்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். ஒவ்வொரு கூலி உயர்வுப் பேச்சிலும் சந்தை சரியில்லை என்ற பதில் முன்வைக்கப்படுகிறது. 1964-ல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களில் லட்சக்கணக்கானோரைக் கேட்காமலே இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியது. இன்று எஞ்சியிருப்பவர்களின் வேலையும் அவர்கள் பார்த்தறியாத தலைநகரங்களின் முடிவுகளோடு கட்டப்பட்டிருக்கிறது.

அப்படிக் கப்பல் ஏறியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த நீலகிரியும் இதே பாடத்தைப் படித்த இடம். சோவியத் ஒன்றியத்தோடு இந்தியாவுக்கு இருந்த ரூபாய் வணிகத்தில் நீலகிரித் தேயிலை பெருமளவு போனது. தரம் எதுவானாலும் விற்றது. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போய், 1998-ல் ரூபிளும் வீழ்ந்தபின், குன்னூர் ஏலத்தில் விலை சரிந்து கொழுந்து பறிக்கும் கூலிக்குக்கூட ஈடாகாத நிலை வந்தது. இந்தியத் தேயிலை ஈரானுக்குப் போக யூகோ வங்கி வழியாக இருந்த ரூபாய்க் கணக்கும், 2019 மே மாதத்தில் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியபின் வற்றிப்போனது. எண்ணெய் வந்தால்தான் அந்தக் கணக்கில் ரூபாய் சேரும். ரூபாய் சேர்ந்தால்தான் தேயிலைக்கும் பாசுமதிக்கும் பணம். அசாமும் அரியானாவும் அப்போது பட்ட பாடு தெனியாய பட்ட பாடேதான்.

இவற்றுள் எதுவும் புதிதல்ல. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்ததும் ஐநா பாதுகாப்பு மன்றத்தின் 661-ஆம் தீர்மானம் ஈராக்கோடு வணிகத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டே உணவுக்கு வழி விடப்பட்டது. ஆனால் எண்ணெய் விற்க முடியாத நாட்டிடம் உணவு வாங்கப் பணம் இல்லை. 1996 டிசம்பரில் எண்ணெய்க்கு உணவு திட்டம் நடைமுறைக்கு வந்தபின்தான், மாவு, அரிசி, சர்க்கரை, எண்ணெயோடு தேயிலையும் பங்கீட்டுப் பொருளாக ஈராக்கிய வீடுகளுக்கு ஒழுங்காகப் போனது. பணத்தின் வழியும் பொருளின் வழியும் ஒரே ஆவணத்தில் எழுதப்பட்டிருந்ததால் அது ஓடியது. அந்தத் திட்டத்தில் நடந்த ஊழல்கள் வேறு கதை. மாறாக, 2019-ல் பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் ஈரானோடு வணிகப் பணம் பரிமாற நிறுவிய இன்ஸ்டெக்ஸ் அமைப்பு, ஒரே ஒரு பரிமாற்றத்தோடு 2023-ல் மூடப்பட்டது. ஈரான் பக்கமிருந்து எதிர்ப்பணம் போட எண்ணெய் விற்பனைக்கு அதில் இடம் இருக்கவில்லை.

2022 மார்ச்சில் ரஷ்ய வங்கிகள் பலவும் ஸ்விஃப்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெரிய கப்பல் நிறுவனங்கள் ரஷ்யத் துறைமுகங்களுக்கு முன்பதிவை நிறுத்தியபோது, கொழும்பில் மறுபடி அதே கேள்வி எழுந்தது. தேயிலை தடைப்பட்டியலில் இல்லை; பெட்டகத்தை ஏற்றுவது யார், பணத்தை வாங்கித் தருவது யார் என்பதற்கு விடை இல்லை. தடை விதிக்கும் அரசுகள் உணவுக்கு விலக்கு என்று எழுதும்போது, அந்த உணவின் விலை எந்த வங்கி வழியாக, எந்த நாணயத்தில் வரலாம் என்பதையும் அதே ஆணையில் பெயர் சொல்லி எழுத வேண்டும். அப்படி ஏற்றுக்கொள்ளும் வங்கியைத் தண்டிப்பதில்லை என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும். வேளாண் பொருள் விற்கும் நாடுகள், அதிலும் இலங்கையும் இந்தியாவும், தடைகளுக்கு ஆதரவு கேட்டு வல்லரசுகள் வரும் ஒவ்வொரு முறையும் இதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.